தையல் மெஷினை மேசைக்குள்ளிருந்து மோட்டார் வைத்துத் தூக்குவது: பாதியில் சிக்குகிறது, சுவிட்சை அணைத்தால் விழுகிறது

ஊசிநூல்:
அம்மாவின் தையல் மெஷினுக்கு ஒரு மேசை செய்துகொண்டிருக்கிறேன். தைக்காத நேரத்தில் மெஷின் மேசைக்குள் இறங்கிவிட வேண்டும், பட்டனை அழுத்தினால் மேலே வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இத்தனை நாளும் அவரே அதைத் தூக்கி மேசையில் வைத்துத் தைத்துவிட்டு மறுபடி இறக்கி வைத்துக்கொண்டிருந்தார், தோள்பட்டை வலி வந்தபிறகு முடியவில்லை. பழைய வார்ப்பிரும்பு உடம்பு, தராசில் வைத்துப் பார்த்தேன், 13 கிலோ. அடிப்பலகையும் சேர்த்தால் 18 கிலோ வருகிறது. தூக்க வேண்டிய உயரம் 32 செ.மீ. மேசைப் பெட்டியின் உள் அளவு: அகலம் 60, ஆழம் 40, உயரம் 72.

இதுவரை செய்தது: இரண்டு பக்கமும் 45 செ.மீ. டிராயர் சேனலைச் செங்குத்தாக அடித்துப் பலகையை அதில் மாட்டினேன். இடது பக்கத்தில் ஒரு லீட் ஸ்க்ரூ (சுற்றினால் நட்டை மேலும் கீழும் நகர்த்தும் மரைக்கம்பி), ஒரு பழைய த்ரீடி பிரிண்டரிலிருந்து கழற்றியது, 8 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்கிறது. மோட்டாரும் அதே பிரிண்டரின் நெமா 17 அளவு ஸ்டெப்பர்தான் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்), கீழே நிற்க வைத்திருக்கிறேன், அதன் தலையில் இரண்டையும் இணைக்கும் கப்ளிங், அதன்மேல் ஸ்க்ரூ.

வெறும் பலகை அழகாக ஏறி இறங்குகிறது. மெஷினை வைத்தால் பாதி உயரத்தில் இடது பக்கம் முன்னே போகிறது, வலது பக்கம் பின்தங்குகிறது, கீச்சென்று ஒரு சத்தம், மோட்டார் டக் டக் என்று துள்ளிவிட்டு நின்றுவிடுகிறது. கையால் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் மேலே வந்துவிடுகிறது. வந்ததே என்று சுவிட்சை அணைத்தேன், மெஷின் தானாக வழுக்கிக்கொண்டு கீழே போய் டமால் என்று உட்கார்ந்தது. நல்லவேளை, கை உள்ளே இல்லை.

பெரிய மோட்டார் வாங்கினால் தீர்ந்துவிடுமா? அதைவிடப் பெரிய அளவான நெமா 23 பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கு டிரைவர் போர்டு, பவர் சப்ளை என்று செலவு நீண்டுகொண்டே போகிறது. முடிந்தவரை கையில் இருப்பதை வைத்து முடிக்கப் பார்க்கிறேன்.

திருகாணி:
மோட்டாரை வாங்காதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு. 18 கிலோ என்றால் ஏறக்குறைய 177 நியூட்டன். அதை 0.32 மீட்டர் தூக்க 57 ஜூல் போதும். 20 வினாடியில் தூக்கினால் 3 வாட்கூட வராது. ஒரு சின்ன எல்ஈடி பல்பின் அளவு. உராய்வு அதைப் போல ஐந்து மடங்கைத் தின்றாலும் 15 வாட்தான். ஆகவே உங்கள் மேசையில் பலம் குறைவாக இல்லை, அது போகக்கூடாத இடத்துக்குப் போகிறது.

விழுவதற்குக் காரணம் ஸ்க்ரூ. அதன் நுனியை உற்றுப் பாருங்கள், நான்கு மரைகள் தனித்தனியாகத் தொடங்குவது தெரியும். பக்கத்துப் பக்கத்து மரைக்கு நடுவே 2 மி.மீ.தான், ஆனால் நான்கு மரை ஒன்றாகச் சுற்றுவதால் ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. போகிறது. மரை என்பது உருளையில் சுற்றிய சாய்தளம், விரித்துப் பார்த்தால் உங்களுடையது கிட்டத்தட்ட 20 டிகிரி சரிவு. பித்தளை நட்டும் எஃகு ஸ்க்ரூவும் உராய்ந்து பிடித்துக்கொள்வது 9, 10 டிகிரி சரிவு வரைதான். அதைத் தாண்டினால் பாரம் நட்டைக் கீழே தள்ளும், நட்டு ஸ்க்ரூவையே சுற்றிவிடும். பிரிண்டருக்கு வேகம் முக்கியம், அதனால் அதில் இப்படிப் போடுகிறார்கள். அதே தடிமனில் ஒற்றை மரை, சுற்றுக்கு 2 மி.மீ. என்று ஒன்று கிடைக்கும், அதன் சரிவு 5 டிகிரிதான். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கும்.

டார்க்கும், அதாவது சுற்றும் விசையும், அதே கதைதான். 8 மி.மீ. ஸ்க்ரூவில் பாதி உராய்வுக்குப் போனால் 0.45 நியூட்டன் மீட்டர் வேண்டும். உங்கள் மோட்டார் சும்மா நிற்கும்போதே 0.4 அளவுதான் பிடிக்கும், ஓடும்போது இன்னும் குறையும். 2 மி.மீ. ஸ்க்ரூவில் முக்கால்வாசி உராய்வில் போனாலும் 0.23 போதும். மெதுவாகப் போகும், வேறொன்றும் இல்லை.

இன்னொன்று. மோட்டாரின் தலைமேல் பாரத்தை உட்கார வைக்காதீர்கள். அந்தச் சுருள் வெட்டிய கப்ளிங் பாரம் வந்தால் ஸ்பிரிங் போல அமுங்கும், மோட்டாரின் பேரிங்கும் அதற்காகச் செய்ததில்லை. ஸ்க்ரூவை மேலேயிருந்து நீளவாக்கில் வரும் பாரத்தைத் தாங்கும் ஒரு திரஸ்ட் பேரிங்கில் தொங்க விடுங்கள். மெலிந்த கம்பி நின்றுகொண்டு சுமந்தால் வளையப் பார்க்கும், தொங்கிக்கொண்டு சுமந்தால் நேராக நிற்கும்.

பழையஇரும்பு:
இவ்வளவு கணக்கு எதற்கு? வைப்பர் மோட்டார் ஒன்று பழைய வண்டியிலிருந்து எடுங்கள், கயிறு சுற்ற ஒரு டிரம், ஒரு கம்பிக்கயிறு, முடிந்தது. நான் கோழிக்கூட்டுக் கதவுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன், இன்றுவரை ஓடுகிறது. வார்ம் கியர் (பல்சக்கரத்தைத் திருகால் சுற்றும் அமைப்பு) உள்ளே இருப்பதால் விழவும் விழாது.

மரத்தூள்:
தம்பி, பெரிய மேசை டிராயரை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாயா? கோணிக்கொண்டு சிக்கும். நீ எவ்வளவு பலமாக இழுக்கிறாயோ அவ்வளவு பலமாகச் சிக்கும். உன் மெஷின் பாதியில் நிற்பது அதுதான். பலகையை இடது ஓரத்தில் தூக்குகிறாய், பாரம் நடுவில் இருக்கிறது, பலகை கோணுகிறது, சேனல் கடித்துக்கொள்கிறது. கடிக்கும் விசை தூக்கும் விசையோடு சேர்ந்தே வளரும், அதனால் பத்து மடங்கு மோட்டார் போட்டாலும் கடி விடாது, ஏதாவது ஒன்று உடையும்.

நாங்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: தூக்கும் இடம் வழிகாட்டியிலிருந்து (உனக்கு அது சேனல்) எத்தனை தள்ளி இருக்கிறதோ, அதில் பாதியாவது வழிகாட்டி பலகையைப் பிடிக்கும் நீளம் இருக்க வேண்டும். உன்னுடையதில் வலது சேனல் ஸ்க்ரூவிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கிறது, அப்படியென்றால் 30 செ.மீ. பிடி வேண்டும், மேலே நீட்டிய நிலையில் டிராயர் சேனலுக்கு அவ்வளவு பிடி இருக்காது. அந்தச் சேனல் பெட்டியில் போட்டிருக்கும் கிலோ எண்ணும் படுத்த டிராயருக்குச் சொன்னது. நிறுத்தி வைத்தால் உள்ளே உருளும் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவும், பிறகு ஒருநாள் முழு உயரம் போகாமல் முட்டும். அவ்வப்போது இரண்டு எல்லைக்கும் முழுதாக ஓட்டினால் கூடு இடத்துக்கு வந்துவிடும், அதனால் தூக்கி எறிய வேண்டாம், நேராக நிறுத்தக் கற்றுக்கொள். இரண்டு சேனலுக்கும் நடுவே உள்ள தூரத்தை மேலேயும் கீழேயும் அளந்து பார், அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழற்றி மறுபடி அடி. ரசமட்டத்தை நம்பாதே, தூக்குக்குண்டு விட்டுப் பார்.

இனி முக்கியமான விஷயம். பழைய வரைபட மேசைகளில் குறுக்கே ஒரு நீள அளவுகோல் இருக்கும், ஒரு ஓரத்தைப் பிடித்துத் தள்ளினாலும் கோணாமல் மேலும் கீழும் போகும். அதற்குப் பின்னால் இருப்பது இரண்டு கயிறு, நான்கு கப்பி, அவ்வளவுதான். உன் மேசைக்கும் அதுவே போதும்.

பலகையின் அடியில் இடது ஓரத்தில் இரண்டு கப்பி, வலது ஓரத்தில் இரண்டு கப்பி. முதல் கயிறு: பெட்டியின் இடது மேல் மூலையில் கட்டு, நேராகக் கீழே வந்து பலகையின் இடது கப்பியைச் சுற்றட்டும், பலகையின் அடியில் குறுக்கே போய் வலது கப்பியைச் சுற்றி, கீழே இறங்கி, பெட்டியின் வலது கீழ் மூலையில் கட்டு. இரண்டாவது கயிறு அதன் கண்ணாடி பிம்பம்: வலது மேல் மூலையில் தொடங்கி இடது கீழ் மூலையில் முடியும். இப்போது யோசி. இடது பக்கம் ஒரு செ.மீ. ஏறினால் முதல் கயிற்றின் இடது மேல் துண்டு ஒரு செ.மீ. குறைகிறது, மொத்த நீளம் மாறாது, ஆகவே வலது கீழ்த் துண்டு ஒரு செ.மீ. நீண்டாக வேண்டும், அதாவது வலது பக்கமும் ஒரு செ.மீ. ஏறியாக வேண்டும். இரண்டு கயிறும் சேர்ந்தால் எந்தப் பக்கமும் மற்றதை விட்டு ஓட முடியாது. கயிற்றின் ஒரு முனையில் டர்ன்பக்கிள் (திருகினால் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் கொக்கி) வைத்து இறுக்கிக்கொள்.

கயிறும் வாங்க வேண்டாம். சைக்கிள் பிரேக் ஒயர் ஒன்றரை மி.மீ. தடிமன் இருக்கும், உனக்கு ஒன்றுக்கு 130 செ.மீ. சொச்சம்தான் வேண்டும், பின்சக்கர ஒயர் தாராளமாகப் போதும், ஒரு முனையில் உலோகத் தலை ஏற்கெனவே இருக்கிறது. கப்பி மட்டும் சிறியதாக எடுத்துவிடாதே. ஒயர் தடிமனைப் போல 20 மடங்காவது கப்பியின் குறுக்களவு இருக்கட்டும், 40 மி.மீ. எடுத்தால் கவலை இல்லை. சின்னக் கப்பியில் வளைந்து வளைந்து ஒயரின் இழைகள் ஒவ்வொன்றாக அறும், வெளியே தெரியவும் தெரியாது.

திருகாணி:
மரத்தூள் ஐயா சொன்னதற்குப் பிறகு என் ஸ்க்ரூ பேச்சு பாதிதான் முக்கியம். அந்தக் குறுக்குக் கயிறு போட்டால் ஸ்க்ரூ எங்கே இருந்தாலும் ஓடும், ஆனாலும் பின்பக்கம் நடுவில் வைப்பதே நல்லது.

பழையஇரும்பு சொன்ன வைப்பர் மோட்டார் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறைய வைப்பர் மோட்டார்களில் உடம்பேதான் நெகடிவ். பாசிடிவும் நெகடிவும் மாற்றிக் கொடுத்துப் பின்னோக்கி ஓட்டப் போனால், மோட்டார் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டம் முழுக்க பாசிடிவ் ஆகிவிடும், வேறெங்காவது சட்டம் நெகடிவைத் தொட்டால் பொறி பறக்கும். கோழிக்கூடு மரம், அதனால் அவருக்குத் தெரிந்திருக்காது. கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு ஒயரும் உடம்போடு ஒட்டாமல் தனியாக வரும், இரு பக்கமும் ஓடவே செய்தது. உள்ளே சூடானால் தானாக நிற்கும் பாதுகாப்பும் வழக்கமாக இருக்கும், அதனால் சோதிக்கும்போது ஏழெட்டு முறை தொடர்ந்து ஏற்றி இறக்கிவிட்டுச் செத்துப்போய்விட்டது என்று பதற வேண்டாம், ஆற விடுங்கள்.

ஆனால் உங்கள் வேலைக்கு டிரம் எனக்குப் பிடிக்கவில்லை. 40 மி.மீ. டிரம்மில் 32 செ.மீ. என்பது இரண்டரைச் சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மோட்டார் என்றால் இரண்டரை வினாடியில் மெஷின் மேலே வந்து நிற்கும். விரல் மாட்டினால் எடுக்க நேரம் ஏது? நீளமான தூரத்துக்கு டிரம் நல்லது, முழம் அளவுக்குக்கூட இல்லாத தூரத்துக்கு ஸ்க்ரூவே நல்லது.

ஊசிநூல்:
எல்லோருக்கும் நன்றி. வரைபட மேசை விஷயத்தைத் தாளில் நான்கு முறை வரைந்த பிறகுதான் புரிந்தது, புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். ஒன்று, ரெடிமேடாக 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) கிடைக்கிறதே, அதை வாங்கிப் பலகைக்கு அடியில் நிறுத்திவிட்டால் ஸ்க்ரூ, பேரிங், எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் எல்லாமே அதற்குள் இருக்கும், அது சுலபம் இல்லையா? இரண்டு, கார் டயர் மாற்றும் கத்தரி ஜாக் ஒன்று சும்மா கிடக்கிறது, அது ஆகுமா? பிறகு வீட்டில் கிடப்பவை: பேட்டரி செத்துப்போன ஒரு கார்ட்லெஸ் டிரில், பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை, ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு), கொஞ்சம் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரியதை இயக்கும் சுவிட்ச்).

நெம்புகோல்:
ஆக்சுவேட்டர் நல்ல சாமான்தான், நான் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் வாங்குமுன் ஒரு அளவைப் பாருங்கள், முதல் முறை நானே ஏமாந்தது அதில்தான். ‘300 மி.மீ.’ என்று விற்பது அது நீளும் தூரம். சுருங்கிய நிலையிலேயே அதன் உடம்பு அந்தத் தூரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. அதிகம் இருக்கும். உங்களுக்கு 32 செ.மீ. வேண்டும், ஆகவே 35 செ.மீ. நீளுவது வாங்க வேண்டும், அது சுருங்கினாலும் 45க்கு மேல். உங்கள் பெட்டி 72 உயரம், பலகை இறங்கிய நிலையில் அதன் அடியில் மிஞ்சுவது 40கூட இல்லை. உள்ளேயே போகாது. பலகைக்குப் பின்னால், நடுவில் நிறுத்தி, ஒரு எல் ஆங்கிளால் பிடித்தால் போகும். எப்படியும் கோணாமல் இருக்க அந்தக் குறுக்குக் கயிறு வேண்டும். அதுவும் போட்ட பிறகு ஆக்சுவேட்டர் மிச்சப்படுத்துவது ஸ்க்ரூவையும் லிமிட் சுவிட்சையும் மட்டும்தான்.

கத்தரி ஜாக்கை விட்டுவிடுங்கள். படுத்திருக்கும்போது அதன் கைகள் 10 டிகிரியில் இருந்தால், திருகில் விழும் இழுவை பாரத்தைப்போல ஐந்தரை மடங்குக்கு மேல். காரைத் தூக்கும் ஜாக் அதைத் தாங்கும், நீங்கள் மாட்டும் மோட்டார்தான் முக்கும். உயர உயர இலேசாகும், அதனால் வேகமும் ஒரே சீராக இராது. போதாததற்குப் பக்கவாட்டில் ஆடும்.

ரிலேக்காரன்:
செத்த டிரில்லை வைத்துக்கொண்டா ஸ்டெப்பரைத் தேடுகிறீர்கள்? அதில் செத்தது பேட்டரிதானே. உள்ளே நல்ல டிசி மோட்டார், கிரகக் கியர், அதற்கு முன்னால் எண் போட்ட கிளட்ச் வளையம். அந்தக் கிளட்ச் உங்களுக்குப் பொக்கிஷம். 3, 4 என்று குறைவான எண்ணில் வைத்தால், ஏதாவது சிக்கினால் மோட்டார் கரகரவென்று சும்மா சுற்றும், எதையும் நசுக்காது. இதே வேலைக்குக் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வைத்து மின்னோட்டத்தை அளந்து, மோட்டார் தொடங்கும்போது வரும் முதல் உதைப்பை விட்டுவிட்டு, பிறகு எல்லை தாண்டினால் நிறுத்து என்று நிரல் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். கிளட்ச் இருக்கும்போது தேவையில்லை. ஆர்டுயினோவை வேறு எதற்காவது எடுத்து வையுங்கள்.

டிரில்லின் முனையில் பிட் மாட்டும் பிடிக்குள் 2 மி.மீ. லீட் ஸ்க்ரூவைக்கூட மாட்ட வேண்டாம், எம்10 (10 மி.மீ. தடிமன்) திரெட் ராடு ஒன்று மாட்டுங்கள், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மி.மீ., 32 செ.மீ.க்கு 213 சுற்று. உராய்வு அதிகம், அதனாலேயே கீழே வழுக்காது. நட்டுக்குப் பதில் ராடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் நீள நட்டைப் போடுங்கள், தேய்மானம் குறையும், கிரீஸ் தாராளமாக. டிரில்லைக் குறைந்த வேகக் கியரில் வைத்தால் முப்பது நாற்பது வினாடியில் மேலே வரும்.

மின்சாரம்: கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் உயிர் வரும், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு நெகடிவ். டிரில் 18 வோல்ட் வகையானாலும் பரவாயில்லை, மெதுவாக ஓடும், அது நமக்கு நல்லதே. ஒரு தொல்லை வரலாம்: மோட்டார் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்து சப்ளை பயந்து அணைந்துவிடும். அப்படியானால் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி சீல் பேட்டரி ஒன்றும், அதற்கென்று உள்ள சின்ன சார்ஜரும் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, அரை நிமிடம் ஓடுவதற்கு அது மாதக்கணக்கில் சலிக்காது, கரண்ட் இல்லாத நேரத்திலும் மெஷின் வெளியே வரும். பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ். இதில் சோம்பல் வேண்டாம், இந்தச் சின்னப் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் தீப்பிடிக்கும்.

சுவிட்ச் என்றால் ஆறு கால் உள்ள டிபிடிடி வகை, விட்டால் ஸ்பிரிங்கில் நடுவுக்குத் திரும்புவது. மூலைக்கு மூலை குறுக்கே ஒயர் போட்டால் ஒரு பக்கம் அழுத்த ஏறும், மறுபக்கம் அழுத்த இறங்கும், கையை எடுத்தால் நிற்கும். ஒருமுறை தட்டிவிட்டு நகர்ந்துபோகும் பட்டன் வைக்காதீர்கள். அழுத்திக்கொண்டு நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எல்லையில் நிற்க இரண்டு லிமிட் சுவிட்ச். மோட்டார் ஒயரிலேயே வரிசையாக இரண்டும், தொட்டால் அறுபடும் வகை. ஒவ்வொன்றின் குறுக்கேயும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு. மேல் எல்லையைத் தொட்டதும் சுவிட்ச் அறுபடும், ஏறும் திசையில் டயோடு மின்சாரத்தை விடாது, மோட்டார் நிற்கும். இறங்கும் திசையில் டயோடு விடும், மெஷின் இறங்கத் தொடங்கும், சுவிட்ச் மறுபடி சேர்ந்துகொள்ளும். டயோடை மாற்றிப் போட்டால் எல்லையில் நிற்காது, மெஷினை ஏற்றாமல் கையால் சுவிட்சைத் தொட்டுச் சோதியுங்கள். டயோடு 6 ஆம்பியர் வகையாக இருக்கட்டும். சின்ன மைக்ரோ சுவிட்ச் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் பெரும்பாலும் ஏசி மின்சாரத்துக்குச் சொன்னது. டிசியில் பொறி அணைய மாட்டாது, தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் ரிலே இருக்கிறதே, லிமிட் சுவிட்ச் ரிலே காயிலை மட்டும் அறுக்கும்படி செய்தால் இந்தக் கவலையே இல்லை.

எதிர்பாரம்:
யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். இன்னும் சின்ன மோட்டார் போதும் என்று ஆக்க, எதிர் எடை கட்டலாம், அல்லது அலமாரிக் கதவுக்கு வரும் கேஸ் ஸ்பிரிங் இரண்டு வைக்கலாம், அது தள்ளும் விசை அதன் உடம்பில் நியூட்டனில் எழுதியிருக்கும். நானும் ஒரு டிவி தூக்கிக்கு 15 கிலோ எதிர் எடை போட்டேன். மோட்டார் இருப்பதே தெரியாமல் ஓடியது. ஒருநாள் டிவியைப் பழுது பார்க்கக் கழற்றினேன். எதிர் எடை இருப்பது எனக்குத் தெரியும், நான்தானே கட்டினேன், ஆனால் கை கழற்றிய நேரத்தில் மூளை அங்கே இல்லை. பலகை வில் போல மேலே பாய்ந்து என் தாடையில் அடித்தது. இரண்டு தையல். அதனால் போடுவதானால் பலகையைப் பெட்டியின் அடிப்பகுதியோடு பூட்டிவைக்க ஊசி போன்ற கம்பி செருகும் ஒரு துளை வையுங்கள். உங்கள் ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும் வகை என்பதால் ஆபத்து குறைவு, ஆனால் அந்த நட்டைக் கழற்றும் நாள் ஒன்று வரும்.

புதுமுகம்:
நல்ல இழை. இதே திரெட் ராடு, டிரில் அமைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி, எங்கள் தாத்தாவை மாடிக்கு ஏற்ற ஒரு சின்ன லிஃப்ட் செய்ய முடியுமா? அவர் 55 கிலோதான்.

ரிலேக்காரன்:
முடியாது. செய்யாதீர்கள்.

திருகாணி:
கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். 55 கிலோவைத் தூக்குவது கஷ்டமில்லை. நட்டின் மரை தேய்ந்து வழுக்கும் அந்த ஒரு நாளில் என்ன பிடிக்கும் என்பதுதான் கேள்வி. லிஃப்ட் என்ற ஒன்றை மனிதர்கள் நம்பி ஏறத் தொடங்கியதே 1854இல் எலிஷா ஓட்டிஸ் நியூயார்க் கண்காட்சியில் மேடைமேல் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொல்லி, மேடை விழாமல் நிற்பதைக் காட்டிய பிறகுதான். கயிறு தளர்ந்ததும் ஸ்பிரிங் விரிந்து தண்டவாளப் பற்களில் மாட்டிக்கொண்டது. இன்றும் லிஃப்டில் பல கயிறுகள் இருந்தும், வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்வும் பிடி தனியாக இருக்கும். அதை வீட்டில் செய்து, சோதித்து, ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள நம்மால் ஆகாது. தாத்தாவின் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள்.

மரத்தூள்:
ஊசிநூல் தம்பிக்கு இரண்டு வார்த்தை பாக்கி. மெஷின் மேலே வந்தபின் எதன்மேல் உட்காரும் என்று யோசித்தாயா? தைக்கும்போது அது அதிரும். அந்த அதிர்வு முழுதும் ஒரு நட்டில் போய் விழுந்தால் நாலு மாதத்தில் லொடலொடக்கும். பலகை மேலே வந்ததும் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் தள்ளு, பிறகு அரைச் சுற்று இறக்கிப் பாரத்தைத் தாழ்ப்பாள்மேல் விடு. தூக்குவது மோட்டாரின் வேலை, தாங்குவது கட்டையின் வேலை. ஆனால் தாழ்ப்பாளை எடுக்காமல் இறக்கும் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று ரிலேக்காரரிடம் கேட்டுக்கொள்.

இன்னொன்று விரல். பலகைக்கும் மேசைத் துளையின் ஓரத்துக்கும் இடைவெளி ஒன்று விரலே நுழையாத 3, 4 மி.மீ., இல்லையென்றால் விரல் மாட்டினாலும் நசுங்காத 25 மி.மீ. நடுவில் உள்ள அளவெல்லாம் நகத்துக்கு எமன்.

ரிலேக்காரன்:
கேட்கவே வேண்டாம். தாழ்ப்பாள் உள்ளே தள்ளியிருக்கும்போது தொடும்படி இன்னொரு மைக்ரோ சுவிட்ச், இறக்கும் ரிலேயோடு வரிசையில். தாழ்ப்பாள் போட்டதும் மோட்டார் கீழே இறக்காது. ஆனால் அந்த அரைச் சுற்று இறக்க வேண்டுமே என்பீர்கள். அதற்கு ராடின் மேல் நுனியில் ஒரு ஸ்பானர் போடும் இடம் விடுங்கள், கையால் சுற்றலாம். கரண்டும் பேட்டரியும் இரண்டுமே இல்லாத நாளிலும் அதுதான் காப்பாற்றும்.

ஊசிநூல்:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஓடுகிறது! எம்10 ராடு பின்பக்கம் நடுவில், மேலே திரஸ்ட் பேரிங்கில் தொங்குகிறது, டிரில் அதற்கு மேலே தலைகீழாக. பிரேக் ஒயர் இரண்டும் குறுக்கே. ஒயரை மாட்டிய அன்று பலகையின் ஒரு மூலையில் விரலை வைத்துத் தூக்கினேன், முழுப் பலகையும் மட்டமாக ஏறியது. அதைப் பத்து முறை சும்மாவே செய்துகொண்டிருந்தேன். மேலே வர 38 வினாடி ஆகிறது. அம்மாவுக்கு அது நீளமாகவே தெரியவில்லை, அதற்குள் நூலும் கண்ணாடியும் தேடிக்கொள்கிறார்.

ஒரு இடத்தில் இரண்டு நாள் போனது, வேறு யாராவது செய்தால் உதவும் என்று எழுதுகிறேன். கீழே இருந்து முக்கால் உயரம் வரை நன்றாக ஓடிவிட்டு, மேல் கடைசி 6 செ.மீ.யில் கிளட்ச் கரகரத்தது. சேனல், ஒயர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ராடு சேனலுக்கு இணையாக இல்லை, மேலே 2 மி.மீ. முன்னால் சாய்ந்திருக்கிறது. நான் நீள நட்டைப் பலகையோடு வெல்டு வைத்ததுபோல இறுக்கிவிட்டிருந்தேன், நட்டு மேலே மேலே போகப் போக ராடு அதைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறது. நட்டைக் கழற்றி, சுற்ற முடியாமல் ஆனால் முன்பின், இடவலம் 3 மி.மீ. நகர முடிகிற ஒரு தகரக் கூட்டுக்குள் விட்டேன். பலகையை நேராக வைப்பது சேனலின் பாடு, நட்டு தூக்கினால் மட்டும் போதும். அன்றோடு சத்தம் போனது.

கம்ப்யூட்டர் சப்ளை சொன்னபடியே பயந்து அணைந்தது, அதனால் பேட்டரிதான். தாழ்ப்பாள் சுவிட்சும் போட்டாயிற்று. எதிர் எடை போடவில்லை, தாடைக் கதையைப் படித்தபிறகு தைரியம் வரவில்லை.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஏறும்போது மேசை முழுதும் ஹூம் என்று வண்டு போல முனகுகிறது. டிரில்லைக் கையில் பிடித்து ஓட்டினால் இவ்வளவு சத்தம் இல்லை.

மரத்தூள்:
டிரில்லை நேரே பிளைவுட்டில் திருகியிருப்பாய். பலகை தம்பூராக் குடம் மாதிரி வேலை செய்கிறது. பழைய சைக்கிள் டியூபை நாலு மடிப்பாக வெட்டி டிரில்லுக்கும் பலகைக்கும் நடுவே வை, திருகின் தலைக்கு அடியிலும் ஒரு துண்டு வை, இல்லாவிட்டால் திருகு வழியாகவே சத்தம் போய்ச் சேரும். ரொம்ப இறுக்காதே.

ஊசிநூல்:
வைத்தேன். வண்டு போய்விட்டது. இப்போது ஒயர் கப்பி ஒன்று கீச்சிடுவது கேட்கிறது, முன்பு அந்த முனகலில் தெரியவில்லை. எண்ணெய் எடுக்கப் போகிறேன்.